பூத்துக்குப் போகும் முன்: மாற்றுத்திறனாளி வாக்காளர்களின் கேள்விகளும் பதில்களும்

எனக்குப் பார்வை அறவே இல்லை. பிரெய்ல் நன்றாக வாசிப்பேன். ஒவ்வொரு தேர்தலிலும் "கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்கிறார்கள். நானே ஓட்டுப் போட முடியாதா? (பாளையங்கோட்டை)

முடியும். துணை என்பது நீங்கள் கேட்டால் தரவேண்டிய உதவி. உங்கள் மேல் போடும் நிபந்தனை அல்ல. பார்வையற்றோர் பள்ளி நூறாண்டுக்கு மேல் நடக்கும் ஊரிலேயே இப்படிச் சொல்லித் திருப்புவது வேதனையான விஷயம்.

உள்ளே போனதும் வாக்குச்சாவடி தலைமை அலுவலரிடம் "பிரெய்ல் மாதிரி வாக்குச்சீட்டு தாங்க" என்று கேளுங்கள். கேட்டால்தான் பல இடங்களில் அது உறையை விட்டு வெளியே வரும். வேட்பாளர் பெயர்களை வரிசை எண்ணோடு தடவி வாசித்து, உங்களுக்கு வேண்டிய எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தில் நீலப் பொத்தான்கள் மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வலப்பக்கம் பிரெய்ல் எண் உண்டு. வலது ஓரத்தை விரலால் பிடித்து இறங்கினால் எண் தட்டுப்படும். பொத்தானை அழுத்தி, நீண்ட பீப் ஒலி கேட்ட பிறகு வெளியே வாருங்கள்.

தடுமாற்றம் வருவது ஒரே இடத்தில்தான். ஓர் இயந்திரத்தில் 16 பொத்தான்கள். நோட்டாவும் அதில் அடக்கம். வேட்பாளர்கள் 15 பேருக்கு மேல் போனால் இரண்டாவது இயந்திரம் வரும். 17ஆம் வரிசைக்காரர் அதில் முதல் பொத்தான். எத்தனை இயந்திரம் வைத்திருக்கிறார்கள் என்று, ஓட்டுப் போடும் இடத்தைச் சுற்றி வைத்திருக்கும் மறைப்புக்குள் போகும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எங்கள் விடுதியில் பார்வையற்றவர்கள் நான்கு பேர். வார்டனே நால்வருக்கும் துணையாக வரலாமா?

வரமுடியாது. 18 வயது நிரம்பிய ஒருவர் அன்றைக்கு ஒரே ஒரு வாக்காளருக்குத்தான் துணையாக இருக்கலாம். வேறு யாருக்கும் துணை போகவில்லை, ஓட்டு ரகசியத்தை வெளியே சொல்லமாட்டேன் என்று படிவம் 10இல் உறுதிமொழி கொடுக்கவேண்டும். தேர்தல் நடத்துவதற்கான விதிகளில் 49N இதைச் சொல்கிறது. பூத் அலுவலர்கள் உங்களுக்காகப் பொத்தானை அழுத்தவும் கூடாது. நடக்க மட்டும் கைத்தாங்கல் வேண்டும், அழுத்த நீங்களே போதும் என்றால், துணைக்கு வருபவர் மறைப்புக்கு வெளியே நின்றுகொள்ளவேண்டும்.

அப்பா பனையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டுப் படுக்கையில் இருக்கிறார். வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்குவார்களாமே? (திசையன்விளை)

வாங்குவார்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் என்று சான்றிதழ் இருக்கவேண்டும். (85 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தச் சான்றிதழ் இல்லாமலே இதே வசதி உண்டு; 80ஆக இருந்த வயதை 2024 மார்ச்சில் உயர்த்தினார்கள்.) அதற்கான விண்ணப்பமான படிவம் 12டியை உங்கள் பகுதி பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) கொண்டுவருவார். சான்றிதழ் நகலோடு நிரப்பிக் கொடுங்கள்.

பெரும்பாலும் கோட்டை விடுவது தேதியில். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் படிவம் போய்ச் சேரவேண்டும். வேட்புமனு தாக்கல் தொடங்கும் நாள்தான் அறிவிக்கை நாள். ஓட்டுப்பதிவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தேடி ஓடிப் பயனில்லை. படிவம் வரவில்லை என்றால் தேர்தல் உதவி எண்ணான 1950க்குப் போன் போடுங்கள்.

வீட்டில் நடப்பது தாள் ஓட்டு. குழு முன்கூட்டியே நாள் சொல்லி வரும், வீடியோவும் எடுப்பார்கள். ஆனால் அப்பா குறி போடுவதை யாரும் பார்க்கவோ படமெடுக்கவோ கூடாது. குறி போட்ட சீட்டை உள் உறையான 13பியில் வைத்து ஒட்டவேண்டும். கையெழுத்திட்ட உறுதிமொழி 13ஏ அதனோடு சேராமல், வெளி உறையான 13சிக்குள் தனியாக இருக்கவேண்டும். எண்ணும்போது 13சியைப் பிரித்ததும் 13ஏ இல்லை என்றால், உள் உறையைத் திறக்காமலே ஓட்டைத் தள்ளிவிடுவார்கள். ஒட்டும் முன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். குழு வரும்போது வீட்டில் இல்லாவிட்டால் இன்னொரு முறை வரும், அதோடு சரி.

படிவத்தை ஏற்றுக்கொண்டபின் பூத்துக்குப் போய் ஓட்டுப் போட முடியாது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து போய் ஊர்க்காரர்களோடு ஓட்டுப் போடவேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை இருந்தால் 12டி கொடுக்காதீர்கள். தேர்தல் ஆணையத்தின் ஈசிஐநெட் (ECINET) செயலியிலோ (முன்பு சக்ஷம்) 1950இலோ நாற்காலியும் வண்டியும் கேளுங்கள். இதை அவரிடமே கேட்டு முடிவு பண்ணுங்கள்.

பள்ளிக்கூடத்துப் படி ஒன்றரை அடி உயரம். பலகையைச் சாய்த்துவைத்து "சாய்தளம்" என்கிறார்கள். (களக்காடு)

அது சாய்தளம் அல்ல, சறுக்கு. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது கணக்கு. ஒன்றரை அடிக்குப் பதினெட்டு அடி வேண்டும். அகலம் நாலு அடி இருந்தால் நல்லது. உடைசல் செங்கல்லும் மண்ணும் கொட்டிப் போட்ட சாய்தளத்தில் அடிவாரத்தைப் பாருங்கள்: தரையும் சரிவும் சேரும் இடத்தில் இரண்டு அங்குலம் மேடு நிற்கும். நாற்காலியின் சின்ன முன்சக்கரம் அதில் முட்டி நிற்க, உட்கார்ந்தவர் முன்னால் சாய்வார். அங்கே நாற்காலியைத் திருப்பி, பெரிய பின்சக்கரம் முதலில் ஏறும்படி இழுக்கவேண்டும். இறங்கும்போதும் பின்பக்கமாகவே இறக்குங்கள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, தேர்தல் நடத்தும் அலுவலருக்குப் போட்டோவோடு இப்போதே எழுதுங்கள். முந்தின நாள் சாயங்காலம் சொன்னால் பலகைதான் வரும்.

எனக்குக் காது கேட்காது. ஓட்டு விழுந்ததா என்று எப்படித் தெரியும்?

விளக்கைப் பாருங்கள். இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தால் தயார். அழுத்தியதும் சின்னத்தின் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். பக்கத்திலுள்ள விவிபேட் (யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டில் அச்சிட்டுக் காட்டும் கருவி) கண்ணாடிக்குள் 7 நொடி சீட்டுத் தெரிந்து, அறுந்து விழும்.

இடது கையில் விரல்கள் இல்லை. மை எங்கே வைப்பார்கள்? (வி.கே.புரம்)

வலது கை விரலில். இரண்டு கையிலும் விரல்கள் இல்லாவிட்டால், இருக்கிற கையின் நுனியில். மை வைக்க விரல் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்ப முடியாது.

மகனுக்கு 22 வயது, அறிவுசார் குறைபாடு உள்ளவன். பட்டியலில் பேர் சேர்க்க முடியாது என்கிறார்கள். (மேலப்பாளையம், ஓர் உம்மா)

சேர்க்கவேண்டும், உம்மா. மனநிலை சரியில்லாதவர் என்று தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்திருந்தால் மட்டுமே பேர் விலக்கப்படும். டாக்டர் சான்றிதழோ பக்கத்து வீட்டார் பேச்சோ அதற்குக் காரணமாகாது. படிவம் 6 கொடுங்கள். குறைபாட்டை அதிலேயே குறிப்பிடுங்கள். ஏற்கெனவே பேர் இருப்பவர்கள் அதைக் குறிக்கப் படிவம் 8 கொடுக்கலாம்.

துணை பற்றிய விதி பார்வையின்மை, உடல் இயலாமை என்றே பேசுகிறது. அதனால் மகன் தானே அழுத்தப் பழகுவது நல்லது. அட்டையில் சின்னங்களை ஒட்டி, பக்கத்தில் நீலப் பொட்டு வைத்து, ஒரு வாரம் விளையாட்டுப்போல் அழுத்தச் சொல்லுங்கள். நீண்ட பீப் ஒலியை வாயாலாவது எழுப்பிக் காட்டுங்கள். பழகாத பிள்ளைகள் அந்தச் சத்தத்தில்தான் மிரளுகிறார்கள்.