விசாப் படிவமும் பங்கர் வெட்டின கதையும்

தம்பி, உங்கள் கேள்வி இதுதான்: 2008இல் வன்னியில் இயக்கம் (விடுதலைப் புலிகள்) உங்களைப் பிடித்துக்கொண்டுபோய் பங்கர் (பதுங்குகுழி) வெட்ட விட்டது. இப்போது இங்கிலாந்தில் விசா நீடிக்கும் படிவத்தில், ‘எந்த நாட்டிலாவது பயங்கரவாதத்துக்கு ஆதரவளித்தீர்களா’ என்ற இடத்தில் ‘இல்லை’ போடலாமா?

அவசரப்பட்டு எதுவும் போடாதீர்கள். விடுதலைப் போராட்டமா, பயங்கரவாதமா என்ற எங்கள் வாதம் அந்தப் பெட்டிக்குள் எடுபடாது. ஐ.நா.வே இதில் முடிவுக்கு வரவில்லை. பொது உடன்படிக்கை ஒன்றுக்கான வேலை 1996இல் தொடங்கியது; ஆக்கிரமிப்புக்கு எதிராகப் போராடுபவர்களை விலக்குவதா, அரச படைகளைச் சேர்ப்பதா என்பதிலேயே இன்னும் இழுபறி. பிரித்தானியா அதற்காகக் காத்திருக்கவில்லை. 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் 1ஆம் பிரிவு மூன்று விசயம் பார்க்கும்: ஒன்று, கடும் வன்முறை, சொத்துக்குப் பெருஞ்சேதம் போன்ற செயல் அல்லது மிரட்டல்; இரண்டு, அரசை வளைக்கும் அல்லது மக்களைப் பயமுறுத்தும் எண்ணம்; மூன்று, அரசியல், மத, இன, கொள்கை நோக்கம். துவக்கோ வெடிமருந்தோ பாவித்திருந்தால் இரண்டாவது தேவையே இல்லை. ‘அரசு’ என்பதில் கொழும்பும் அடக்கம். அடி வாங்கியது ஆமியா, சனமா என்றும் அந்தப் பிரிவு கேட்பதில்லை. 2013இல் குல் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே ஏற்றது. வரைவிலக்கணம் இவ்வளவு அகலமாக இருப்பது கவலை தருகிறது என்றும் சேர்த்தே சொன்னது.

உங்களுக்குக் கைகொடுக்கக்கூடியது கட்டாயம் என்ற விசயம். 2010இல் ஜே.எஸ். வழக்கில், புலி உறுப்பினராக இருந்தது மட்டும் போர்க்குற்றத்தில் பங்காகாது, தானாக விரும்பி, தெரிந்தே குறிப்பிடத்தக்க பங்களித்தாரா என்று பார்க்கவேண்டும் என உச்ச நீதிமன்றம் சொன்னது. அது அகதி வழக்கு, விசாவுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் உங்கள் சொலிசிற்றருக்கு (சட்டத்தரணிக்கு) உதவும்.

முதலில் பழைய விசா விண்ணப்பத்தின் பிரதியை ஹோம் ஒபிஸிடம் (பிரித்தானிய உள்துறை அமைச்சிடம்) கேட்டு எடுங்கள். காசு இல்லை, வழமையாக ஒரு மாதத்துக்குள் வரும். அதில் ‘இல்லை’ என்று இருந்தால், புதுப் படிவத்தைத் தொட முன்னமே குடிவரவு சொலிசிற்றரிடம் காட்டவேண்டும். முன்னுக்குப்பின் முரணும் மறைப்பும்தான் பலரை விழுத்துவது. ஏமாற்று என்று பதிந்துவிட்டால் பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வரைக்கும் அது துரத்தும். விளக்கத்தில் இடம், மாதம், யார் கூட்டிப்போனது, எத்தனை நாள், மறுத்தவர்களுக்கு என்ன நடந்தது, எப்படி வெளியேறினீர்கள் எல்லாம் வரட்டும். ‘உதவி செய்தேன்’ என்று மொட்டையாக எழுதினால் விரும்பிச் செய்ததாகவே வாசிப்பார்கள்.

நவம்பரில் நடக்கும் மாவீரர் நாள் நிகழ்வுகளுக்குப் போவது குற்றமில்லை. புலிக்கொடி பிடிப்பது வேறு: இயக்கம் இங்கே 2001இலிருந்து தடை, அதே 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. ஆதரவு காட்டும் எண்ணம் இருக்கவில்லை என்பது அங்கே சாட்டாகாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. கொடியோடு எடுத்த படத்தை முகநூலில் போடுவதும் அதே பிரிவுக்குள் வரும்.