வேன் வீடும் பேய்மழையும்: வாசகர் கேள்வி – பதில்

டெம்போ டிராவலரைப் படுக்கை, அடுப்பு வைத்து மாற்றியிருக்கிறோம். கார்த்திகையில் அரூர், ஊத்தங்கரை பக்கம் போய் இரவு தங்கலாம் என்று இருக்கிறோம். பெருமழை பிடித்துக்கொண்டால் வண்டிக்குள்ளேயே இருந்துவிடலாமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

சாயங்காலம் வண்டியை எங்கே நிறுத்தினீர்கள் என்பதிலேயே பாதி முடிவாகிவிடும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர், சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போனது. அவை ஆற்றுக்குள் நின்றவை அல்ல, தார் ரோட்டோரம் நின்றவை. அதனால் இடம் பார்க்கும்போதே ஊர்க்காரரிடம் கேளுங்கள்: "மேல எந்த ஏரி இருக்கு? கோடி போனா (ஏரி நிரம்பி வழிஞ்சா) தண்ணி எந்தப் பக்கம் வரும்?" அந்த வழி இப்போது காய்ந்து கிடந்தாலும் அங்கே நிறுத்த வேண்டாம்.

வண்டியின் முகம் ரோட்டைப் பார்த்து இருக்கட்டும். இருட்டில், செம்மண் சேற்றில் ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் பின்சக்கரம் புதையும். டீசல் பாதி டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். பக்கத்தில் தண்ணீர் தேங்கத் தொடங்கினால் அதன் விளிம்பில் ஒரு கல்லை வையுங்கள். கால் மணி நேரத்தில் கல் மூழ்கினால், வெளியேறும் பாதை தெரியும்போதே கிளம்பிவிட வேண்டும்.

ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தாலே சின்னக் கார் மிதக்கும். இரண்டடியில் வேனும் தாங்காது. முன்னால் லாரி போகிறதே என்று தரைப்பாலத்தில் இறங்காதீர்கள், லாரியின் எடை வேறு. தண்ணீரில் எஞ்சின் அணைந்தால் மறுபடி செல்ஃப் அடிக்கவே கூடாது. ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், அது காற்றைப் போல அமுங்காது. பிஸ்டன் முட்டி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். செலவு எஞ்சினை இறக்கும் வரை போகும்.

ஒகேனக்கல்லில் மழையே இல்லாத நாளிலும் தண்ணீர் ஏறுகிறதே?
– வாசகி, பென்னாகரம்

நம் வானத்தைப் பார்த்துப் பயனில்லை. கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் திறந்துவிடும் தண்ணீர்தான் அது. காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்து செய்தியில் வரும், தினம் பாருங்கள். பரிசலை நிறுத்திவிட்டார்கள் என்றால் கரையோரம் வண்டி நிறுத்தும் யோசனையையும் அன்றே விட்டுவிடுங்கள். மணல் திட்டில் எந்த நாளும் படுக்கக் கூடாது.

சித்திரை, வைகாசியில் திடீர் காற்றும் இடியும் வந்தால் என்ன செய்வது? மழைக்கு ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளேயே சமைக்கலாமா?
– வாசகர், ஓசூர்

முதலில் பக்கவாட்டுப் பந்தலைச் சுருட்டுங்கள். காற்று வந்தபிறகு சுருட்டப் போனால் கம்பி கையைக் கிழிக்கும். புளியமரத்தடி நிழலுக்கு நல்லது, கோடைக் காற்றுக்குக் கிளை முறியும். முழு இரும்பு பாடி என்றால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, இரும்பைத் தொடாமல் உள்ளே இருங்கள். ஃபைபர் கூரைக்கும் கேன்வாஸுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது, கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும்.

எல்லாவற்றையும் மூடிக்கொண்டு சமைக்கவே கூடாது. காற்றோட்டம் இல்லாமல் அடுப்பு எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி ஆளை எழவிடாமல் செய்துவிடும். எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தங்கும். அதனால் கூரையில் மட்டும் துளை விட்டால் போதாது, தரையோரத்திலும் ஒன்று வேண்டும். ரப்பர் குழாய் இணைப்பில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். படுக்கும் முன் அடுப்புத் திருகோடு நிற்காமல் ரெகுலேட்டரையும் மூடுங்கள்.

அஞ்செட்டி பக்கம் போனில் சிக்னல் இருக்காதே?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

எண்களைத் தாளில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டுங்கள்: அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, தேசிய நெடுஞ்சாலையில் என்றால் 1033. கடைசியாகப் பார்த்த கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் குறித்துக்கொண்டே போங்கள். அது யானை நடமாடும் காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இரவு தங்க முடியாது.