வாடகை வீட்டுக் கூடத்தை நம் ஊர் வளவு மாதிரி ஆக்க: ஈசூன் தங்கச்சிக்கு ஒரு பதில்

தேவகோட்டைத் தங்கச்சிக்கு,

நீங்கள் கேட்டிருந்ததைப் பள்ளத்தூரில் எங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்து படித்தேன். சிங்கப்பூர் வந்து நான்கு மாதம், ஈசூனில் மூவறை வீடு, இரண்டு வருட வாடகை ஒப்பந்தம். தீபாவளிக்கு மாமனார் மாமியார் வருகிறார்கள், அதற்குள் கூடத்தை நம் செட்டிநாட்டு வளவு, அதாவது முற்றமும் அதைச் சுற்றிய கூடமும், மாதிரி ஆக்க வேண்டும், கையில் 2,500 சிங்கப்பூர் வெள்ளி இருக்கிறது. ஆத்தங்குடித் தரைக்கல் பதிக்கலாமா, காரைக்குடியில் பார்த்து வைத்த பழைய கதவை வரவழைக்கலாமா, ஊஞ்சல் மாட்டலாமா, எதில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை வீட்டுக்கு இதெல்லாம் வீண் செலவு என்று உங்கள் கணவர் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள்.

நான் சிங்கப்பூர் வந்து 19 வருடம் ஆகிறது. முதலில் ஜூரோங்கில் வாடகை வீடு, அப்புறம் செங்காங்கில் சொந்த வீடு. இரண்டையும் நம் ஊர் மாதிரி ஆக்கிப் பார்த்திருக்கிறேன். வீண் செலவு இல்லை, தங்கச்சி. வெளியூர் வந்த முதல் வருடத்தில், கதவைத் திறந்து உள்ளே வந்ததும் மனசு ஆறுகிற மாதிரி ஓர் இடம் ரொம்பவே வேண்டும். ஆனால் நீங்கள் சொன்ன மூன்றும் இந்த வீட்டுக்கு ஆகாது. ஏன் என்று சொல்லிவிட்டு, என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன்.

கல்லை எடுத்துக்கொள்வோம். போன வாரம் ஆத்தங்குடியில் ஒரு பட்டறையில் அரை நாள் இருந்தேன். ஒரு கண்ணாடித் துண்டு, அதன் மேல் பூ வடிவத்துக்கு வளைத்த உலோக அச்சு. அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் சிமெண்டில் கரைத்த நிறத்தைச் சின்னக் கரண்டியால் ஊற்றினார். சிவப்பு, மஞ்சள், பச்சை. ஊற்றி முடித்து அச்சை நேராகத் தூக்கினார் பாருங்கள், ஒரு நிறம்கூட அடுத்ததில் கலக்கவில்லை. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு, சமப்படுத்தி நகர்த்தி வைத்துவிட்டு அடுத்த கண்ணாடியை எடுத்தார். இறுகிய பிறகு கண்ணாடியைக் கழற்றித் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். கல்லின் முகத்தில் நாம் பார்க்கும் வழவழப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. சூளைக்கே போகாத கல் இது.

சூளையில் சுடாத சிமெண்ட் என்பதால் எலுமிச்சைச் சாறு பட்டாலே கறை விழும். எட்டு அங்குலக் கல் ஒன்று ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. 150 சதுர அடிக் கூடத்துக்கு ஏறக்குறைய 340 கல், அதாவது அரை டன். கப்பலில் கொண்டுவந்தாலும் பதிக்க முடியாது. வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக, வீடுகளில் தரையும் அதன் அடியில் போடும் கலவையும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இருக்கிற தரையின் மேலேயே கலவை போட்டு இந்தக் கல்லைப் பதித்தால் தாண்டிவிடும். பழைய தரையை உடைத்தெடுக்க வேண்டுமானால் வீட்டு உரிமையாளர் வீவகவிடம் அனுமதி பெற்று, பதிவுபெற்ற ஒப்பந்தக்காரரை வைத்துச் செய்ய வேண்டும். இரண்டு வருடம் இருக்கப்போகிறவருக்காக எந்த உரிமையாளரும் அதைச் செய்ய மாட்டார்.

செங்காங்கில் சொந்த வீடு என்ற தைரியத்தில் வாசலை ஒட்டிய பகுதிக்கு மட்டும் பதித்தோம். பதித்தவர் பீங்கான் ஓடு பதித்தே பழகியவர். இடுக்கில் பூசிய சாம்பல் நிறக் கலவை பூவின் மேல் படிந்து காய்ந்துவிட்டது, அதை எடுக்க அமிலம் ஊற்றித் தேய்த்துவிட்டார். சாயங்காலம் நான் போனபோது ஒன்பது கல்லில் சிவப்பு வெளுத்து, பால் சிந்தின மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது. அப்படியே உட்கார்ந்து அழுதேன். ஊரில் பதித்ததும் உமி போட்டுத் தேய்த்துத் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. வேலை தொடங்கும் முன்னால் நான்தான் பக்கத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு நீங்கள் சொந்த வீடு வாங்கும்போது இதை மறக்காதீர்கள். இப்போது ஆசையாக இருந்தால் இரண்டு கல் மட்டும் எடுத்து வாருங்கள். குத்துவிளக்குக்கு அடியில் வைக்க அது போதும், எண்ணெய் சிந்தினாலும் கவலை இல்லை.

பழைய கதவு வேண்டாம். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைக்காரர் நூறு வருடத்துச் சாமான் என்று சொல்லியிருந்தால், அதுவே அதை விட்டுவிடக் காரணம். 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் ஆன கைவேலைப் பொருளைத் தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. வயது அதைவிடக் குறைவு என்றாலும், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கி வைத்திருந்தால்தான் சுங்கத்தில் நிம்மதி. இது சட்டம். என் மனசுக்கும் ஒன்று உண்டு. அந்தத் தெருவில் சாய்த்து வைத்திருக்கும் கதவும் தூணும் பங்கு பிரித்து இடித்த வீடுகளில் இருந்து வந்தவை. ஒரு நிலையின் மேல் யாரோ வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே காய்ந்து இருந்ததைப் பார்த்திருக்கிறேன். வாங்கக் கை வரவில்லை. மரவேலை கட்டாயம் வேண்டுமென்றால் காரைக்குடித் தச்சரிடம் சின்னதாகப் புதிதாகச் செய்யச் சொல்லி, ரசீதோடு கொண்டு வாருங்கள்.

ஊஞ்சலுக்குக் கூரையைத் துளைக்க வேண்டும், உரிமையாளர் விடமாட்டார். தரையில் நிற்கிற சட்டகத்தில் தொங்கும் ஊஞ்சல் உங்கள் கூடத்தில் பாதியைத் தின்றுவிடும். விட்டுவிடுங்கள்.

சரி, எதில் தொடங்குவது? இன்று காலை இங்கே நடந்ததைச் சொல்கிறேன். கார்த்திகையில் தம்பி மகனுக்குக் கல்யாணம், அதற்கு முன்னால் வீட்டைச் சீர் பண்ணத்தான் லீவு போட்டு வந்திருக்கிறேன். வெள்ளையடிக்கிறவர் வந்ததும் நிற அட்டையை நீட்டினேன். அவர் கை நீட்டவே இல்லை. "முதல்ல வளவ ஒழிச்சுக் குடுங்க ஆச்சி. வெறும் வீட்டப் பாத்துட்டு அப்புறம் பேசுவோம்" என்றார். ஆள் வைத்து எல்லாவற்றையும் பின்பக்கத்து இரண்டாம் கட்டுக்கு நகர்த்த இரண்டு மணி நேரம் ஆனது. பத்து மணிக்கு முற்றத்து வெயில் மேற்குத் தாழ்வாரத்தில் ஏறியபோதுதான், பழைய பீரோ ஒன்று மறைத்துக்கொண்டிருந்த சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறிச் சுண்ணாம்பு உப்பியிருப்பது தெரிந்தது. விரலால் தட்டினார், ஒரு பிடி கையோடு வந்தது. நிறத்தைப் பற்றிய பேச்சே இல்லாமல், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் தொடங்கிவிட்டோம். நிறத்தை முதலில் முடிவு பண்ணியிருந்தால் கல்யாணத்துக்குள் எல்லாம் உரிந்திருக்கும்.

நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் இருப்பதையெல்லாம் படுக்கையறைக்குத் தள்ளிவிடுங்கள். காலையில், மதியத்தில், சாயங்காலம் ஆறு மணிக்கு என்று தரையில் உட்கார்ந்து பாருங்கள். வெளிச்சம் எந்த ஜன்னலில் வருகிறது, மேற்கு வெயில் எது வரைக்கும் அடிக்கிறது, காற்று எங்கே நிற்கிறது, நீங்கள் இரண்டு பேரும் தானாக எந்த மூலையில் போய் உட்காருகிறீர்கள் என்று எழுதி வையுங்கள்.

வெறும் கூடத்தில் உட்கார்ந்தால் இன்னொன்றும் புரியும். நம் வளவில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளைச் சுவர், கருத்த தேக்கு, சிவந்த தரை, மேலிருந்து இறங்கும் வெளிச்சம். நடுவில் ஒன்றும் கிடையாது. மங்கு என்கிற பீங்கான் சாமானும் பித்தளையும் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஆனால் பூட்டின அறைக்குள் இருக்கும். விசேஷத்துக்கு வெளியே வந்துவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். உங்கள் வீட்டு உரிமையாளர் வெள்ளைச் சுவரை ஏற்கெனவே கொடுத்துவிட்டார், அதில் கை வைக்கத் தேவையே இல்லை. சாமானைக் குவிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. எங்கள் ஐயா சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் (நகரத்தார் தங்கித் தொழில் செய்த இடம்) இருந்தபோது அவருக்கென்று இருந்தவை ஒரு மரப்பெட்டியும் பாயும் மட்டும்தான். அதே பெட்டி இப்போது என் செங்காங் கூடத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான்.

அடுத்தது அளவு. இதில் நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம். ஜூரோங் வீட்டுக்கு ஆத்தா கொடுத்த தேக்கு அலமாரியைக் கப்பலில் வரவழைத்தேன். மின்தூக்கியில் ஏறியது, வாசலில் நுழைந்தது, படுக்கையறைக்குத் திரும்புகிற இடத்தில் நாலு விரல்கடை இடித்தது. இரண்டு வருடம் கூடத்து ஜன்னலைப் பாதி மறைத்துக்கொண்டு நின்றது. அதனால் கூடத்தின் நீள அகலத்தோடு வாசல், மின்தூக்கி, திரும்புகிற இடம், ஜன்னல் எல்லாவற்றையும் அளந்து ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் கைப்பையில் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள்.

பணத்தில் 500 வெள்ளியைத் தொடாமல் எடுத்து வையுங்கள். ஏதாவது ஒன்று கட்டாயம் தப்பாகப் போகும், அதற்கு அது. மீதிக்கு என் கணக்கு ரொம்ப எளிது: வீடு காலி பண்ணும்போது உங்களோடு வருகிற பொருளுக்கு மட்டும் செலவு செய்யுங்கள்.

முதலில் ஜன்னல். கண்டாங்கிச் சேலையைத் திரையாகத் தைத்துப் போடுங்கள். அரக்குச் சிவப்பில் மஞ்சள் கட்டம் போட்டது வெள்ளைச் சுவருக்கு அவ்வளவு அழகாக இருக்கும், சிவந்த தரை இல்லாத குறையையும் தீர்க்கும். ஐந்தரை மீட்டர்ச் சேலையில், ஐந்தடி உயர ஜன்னலுக்கு மடிப்புப் போக மூன்று திரை கிடைக்கும். மேற்கு ஜன்னல் என்றால் பின்னால் வெள்ளைத் துணி வைத்துத் தையுங்கள், இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் நிறம் போய்விடும். தைக்கும் முன் ஒரு தடவை நனைத்துக் காயவைக்க வேண்டும். பருத்தி சுருங்கும்.

இரண்டாவது விளக்கு. வாடகை வீட்டு வெள்ளைக் குழல் விளக்கில் எதை வைத்தாலும் கடை மாதிரித்தான் இருக்கும். 2,700 முதல் 3,000 கெல்வின் வரை உள்ள மஞ்சள் விளக்கு வாங்கி, ஒன்றைச் சுவர் ஓரமாகத் தரையிலேயே வையுங்கள். உரிமையாளரின் பல்புகளை ஒரு பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். ஊரிலிருந்து விளக்கு கொண்டுவந்தால் மின்னழுத்தம் ஒத்துப்போகும், ஆனால் நம் ஊர் ப்ளக்கின் உருண்டை முள் அங்கே பொருந்தாது. எலக்ட்ரீஷியனை வைத்து ப்ளக்கை மாற்றுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு பெரிய கண்ணாடியைச் சாய்த்து வைத்தால் வெளிச்சம் கூடும். ஆணி வேண்டாம்.

உட்கார நல்ல ஜமுக்காளமும் திண்டும் போதும். மாமனார் மாமியாருக்கு முழங்கால் வலி இருந்தால் கைவைத்த நாற்காலி இரண்டு வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். ஓலைக் கொட்டான்கள் நாலைந்து இருந்தால் சாவி, பத்திரிகை எல்லாம் அதில் அடங்கும். வாசலில் கோலம் போடலாம், ஆனால் பொது நடைபாதையில் 1.2 மீட்டர் வழி எப்போதும் விட்டிருக்க வேண்டும். புது வீடாக இருந்தால் கூரையில் புகை உணரும் கருவி இருக்கும், சாம்பிராணியை அதற்கு நேர் கீழே போடாதீர்கள்.

எதையும் மாட்டும் முன் உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு போதாது. இன்றைக்கே ஒவ்வொரு சுவரையும் தரையையும் படம் எடுத்துத் தேதியோடு அவருக்கு அனுப்பிவிடுங்கள். ஜூரோங் வீட்டைக் காலி செய்தபோது, நாங்கள் போகும் முன்பே இருந்த ஒரு கீறலுக்கு முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள், என்னிடம் படம் இல்லை.

தீபாவளிக்கு ஏழு வாரம் இருக்கிறது. இந்த வாரம் பார்ப்பதும் அளப்பதும் மட்டும். மூன்றாவது வாரத்துக்குள் துணி கையில் இருக்க வேண்டும். தீபாவளி நெருங்கினால் தையல்காரர் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கடைசி வாரத்தில் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள், அது முறுக்குச் சுடுவதற்கு.

நான் 12-ஆம் தேதி திருச்சியில் விமானம் ஏறுகிறேன், பெட்டியில் ஏழெட்டுக் கிலோவுக்கு இடம் இருக்கிறது. கம்பியிலிருந்து ஜன்னல் அடி வரைக்கும் உயரம், ஜன்னலின் அகலம், எந்தத் திசை, இந்த மூன்றையும் வியாழக்கிழமைக்குள் அனுப்புங்கள். கண்டாங்கியும் இரண்டு பூக்கல்லும் எடுத்து வருகிறேன்.