பாண்டில சின்ன ஆபீஸ், 4 ஸ்லாட் நாஸ் (நெட்வொர்க்ல எல்லாரும் பகிர்ந்துக்கிற ஸ்டோரேஜ் பெட்டி), சாதா டெஸ்க்டாப் ஹார்டு டிஸ்க் போடலாமான்னு கேட்டிருக்கீங்க

தயவுசெஞ்சு போடாதீங்க. டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு செக்டர (டிஸ்க்ல ஒரு சின்னத் துண்டு) படிக்க முடியலன்னா திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிட்டே கிடக்கும், அதுக்குள்ள ரெய்டு கார்டு (பல டிஸ்க்க ஒன்னா சேத்து நடத்துறது) டிஸ்க்கே செத்துப்போச்சுன்னு வெளில தள்ளிடலாம், நாஸ் டிஸ்க்னா சுமார் 7 செகண்ட்ல விட்டுட்டு எரர்னு சொல்லிடும், மிச்சத்த ரெய்டு பாத்துக்கும்.

அடுத்தது டிஸ்க்ல எழுதுற முறை சிஎம்ஆரா (டிராக்குங்க தனித்தனியா இருக்கும்) எஸ்எம்ஆரான்னு கண்டிப்பா பாருங்க. எஸ்எம்ஆர்ல டிராக்குங்க ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்னு மேல ஒன்னு ஏறி இருக்கும், ஒன்ன மாத்தி எழுதணும்னா பக்கத்துல உள்ளதையும் திருப்பி எழுதணும், ரீபில்டு (போன டிஸ்க்குக்குப் பதிலா புதுசு போட்டு டேட்டாவ திருப்பி நிரப்புறது) நாள்கணக்கா இழுக்கும். டப்பால நாஸ்னு போட்டிருந்தா மட்டும் நம்பாதீங்க, டபிள்யூடியோட நாஸ் டிஸ்க்கான ரெட்லயே சில மாடல் எஸ்எம்ஆர்னு 2020ல தான் வெளிய தெரிஞ்சுது. ரெட் பிளஸ், சீகேட் ஐயன்வுல்ஃப் ரெண்டும் சிஎம்ஆர்.

நேரு வீதிப் பக்கம் ஒரு துணிக்கடைல ஐப்பசி மழைல கரண்ட் போய்ப் போய் வந்து ஒரு டிஸ்க் டிக் டிக்னு சத்தம் போட ஆரம்பிச்சுது, மாத்தி ரீபில்டு ஓடும்போதே ரெண்டாவதும் போச்சு. ரெய்டு 5 ஒரு டிஸ்க் போனா மட்டும்தான் தாங்கும், மொத்த பில்லும் காலி, அந்த அண்ணன் முகத்த இன்னும் மறக்க முடியல. அதனால யூபிஎஸ் வாங்குங்க, தனியா ஒரு எக்ஸ்டர்னல்ல வாராவாரம் காப்பி எடுத்து வீட்டுல வைங்க.