"உன் குணமே அதுதான்" – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 43 வயது. பள்ளி ஆசிரியை. மூன்று வருடங்களாக உடம்பெல்லாம் வலி. கழுத்தில் தொடங்கி, தோள், இடுப்பு, தொடை என்று இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்தாகிவிட்டது, அத்தனையும் நார்மல். கடைசியாகப் பார்த்த டாக்டர் ஃபைப்ரோமயால்ஜியா என்று சொல்லி அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். அது மனச்சோர்வு மாத்திரை என்று கணவர் மொபைலில் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் விடை கிடைத்துவிட்டது. "உன் குணமே அதுதான், எதையும் பெரிதாக்கிக்கொள்வாய், அதுதான் உடம்பில் தெரிகிறது" என்கிறார்கள். "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்றார் மாமியார்.

நான் சிறு வயதிலிருந்தே கொஞ்சம் கவலைப்படுகிறவள்தான். அப்படியானால் இந்த வலி என் குணத்தால் வந்ததா? குணம் மாறாது என்றால் வலியும் போகாதா? சில இரவுகளில், இனி விடியாமலே போனால் என்ன என்று தோன்றுகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். விடியாமலே போனால் என்ன என்று தோன்றுவதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தைப் படித்தால் இல்லை என்றே தெரிகிறது. இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் டெலி மானஸ், 14416. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய இலவச மனநல உதவி எண், இரவு எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். நீண்ட நாள் வலியில் இருப்பவர்கள் பலருக்கும் இந்த எண்ணம் வருகிறது. அது மனச்சோர்வின் அடையாளமாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. அது உங்கள் குணத்தில் உள்ள குறை அல்ல.

இனி உங்கள் கேள்வி.

என் அம்மாவுக்கு ஐம்பது வயதில் முடக்குவாதம் வந்தது. காலையில் விரல்கள் மடங்காது. வெதுவெதுப்பான நீரில் இரண்டு கைகளையும் அரை மணி நேரம் அமிழ்த்தி வைத்திருப்பார், அதற்குப் பிறகுதான் ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடியும். தெருவே நின்று பார்க்கும்படி சிக்குக் கோலம் போட்டவர், மாவை விரலிடுக்கில் பிடித்து இழை இழுக்க முடியாமல் போன நாளில் வாசல் தெளித்ததோடு உள்ளே வந்துவிட்டார். ஆறே மாதத்தில் அவரைச் சிடுமூஞ்சி என்று உறவில் பேசத் தொடங்கினார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அவரிடம் அதைச் சொல்லியும் இருக்கிறேன். இரண்டு வருடம் கழித்துச் சரியான மருத்துவரிடம் போனோம். வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து. அது வேலை செய்யப் பல வாரங்கள் ஆயின. மூட்டு வீக்கம் வடிந்த பிறகு ஒரு மாலை, பின்கட்டில் பக்கத்து வீட்டு அக்காவோடு அம்மா வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. அந்தக் குரல் எங்கேயும் போயிருக்கவில்லை. நான் குணம் என்று நினைத்துக் கோபப்பட்டது வலியைத்தான்.

மருத்துவ உலகமும் இதே தவற்றைச் செய்தது. 1959-இல் ஜார்ஜ் எங்கெல் என்ற அமெரிக்க மருத்துவர் வலிக்கு ஆட்படும் மனிதர்கள் என்று ஒரு வகையினரை வரைந்து காட்டினார்: குற்ற உணர்ச்சி மிக்கவர்கள், துன்பப்படுவதை உள்ளூர நாடுகிறவர்கள். (இதே எங்கெல்தான் 1977-இல் நோயை உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று வாதாடி மருத்துவச் சிந்தனையைத் திருப்பியவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) வலி நோயாளிகளிடம் ஆளுமை வினாத்தாள்களைக் கொடுத்தார்கள். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவான எம்.எம்.பி.ஐ. என்ற வினாத்தாளில் நாள்பட்ட வலி உள்ளவர்கள் உடல்நலக் கவலை, மனச்சோர்வு, ஹிஸ்டீரியா (மன அழுத்தம் உடல் உபாதையாக வெளிப்படுவது) ஆகிய மூன்று அளவுகளிலும் உயர்ந்த மதிப்பெண் பெற்றார்கள். பார்த்தீர்களா, இவர்கள் சுபாவமே இப்படி என்று முடிவு கட்டினார்கள்.

அந்த வினாத்தாளில் என்ன கேட்டிருக்கிறது என்று பாருங்கள். சீக்கிரம் களைத்துப் போகிறீர்களா, முன்பு போல் வேலை செய்ய முடிகிறதா, உடம்பில் வலி இருக்கிறதா. முடக்குவாதம் உள்ள ஒருவர் இதற்கு உண்மையைச் சொன்னால் மதிப்பெண் ஏறாமல் என்ன செய்யும்? 1986-இல் தியடோர் பின்கஸ் என்ற மூட்டுநோய் மருத்துவரும் அவரது குழுவும் இதைத்தான் சுட்டிக்காட்டினார்கள்: முடக்குவாதக்காரர்களின் உயர்ந்த மதிப்பெண்ணில் தெரிவது மனம் அல்ல, மூட்டு நோய்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் ஆய்வு ஆஸ்திரேலியாவில் நடந்தது, 1997-இல் வெளிவந்தது. கார் விபத்தில் கழுத்து சடாரென முன்னும் பின்னும் உலுக்கப்பட்டு, ஒரே ஒரு கழுத்து மூட்டில் தீராத வலியோடு இருந்த 17 பேர். எல்லோருக்கும் மன உளைச்சலை அளந்தார்கள். பிறகு குலுக்கல் முறையில் சிலருக்கு அந்த மூட்டின் வலியைக் கடத்தும் நரம்பை ரேடியோ அலைச் சூட்டால் செயலிழக்கச் செய்தார்கள், மற்றவர்களுக்கு அதே ஊசி, சூடு மட்டும் இல்லை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, செய்தவருக்கும் தெரியாது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், வலி முழுக்கப் போனவர்கள் அத்தனை பேருக்கும் மன உளைச்சலும் போயிருந்தது. வலி போகாதவர்களில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் அது அப்படியே இருந்தது. அவர்களுக்கு யாரும் மன ஆலோசனை தரவில்லை, குணத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை.

உங்களுக்கு அப்படிச் சுட்டுவிட ஒரு நரம்பு இல்லை. ஃபைப்ரோமயால்ஜியாவில் கோளாறு ஒரு மூட்டில் இல்லை. தண்டுவடமும் மூளையும் வலிச் செய்தியைக் கையாளும் விதத்தில் இருக்கிறது, வானொலியில் ஒலியைக் கூட்டி வைத்ததுபோல. ஸ்கேன் நார்மலாக வருவது அதனால்தான். உங்கள் மாத்திரையும் அங்கேதான் வேலை செய்கிறது. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலியைத் தணிக்கும் நரம்புப் பாதை ஒன்று இருக்கிறது. செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருட்களைக் கொண்டு அது இயங்குகிறது. அமிட்ரிப்டிலின் அதற்குக் கை கொடுக்கிறது, தூக்கத்தையும் கொஞ்சம் சீராக்குகிறது. மனச்சோர்வுக்குக் கொடுப்பதென்றால் பெரும்பாலும் இதைப்போல ஏழெட்டு மடங்காவது தேவைப்படும். 10 மில்லிகிராம் வலிக்கான அளவு. இதைக் கணவருக்குச் சொல்லுங்கள்.

அப்படியென்றால் குணத்துக்கு எந்தப் பங்கும் இல்லையா? இருக்கிறது. எளிதில் கலங்கும் மனப்பாங்கு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகம், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும். இந்த வலி தீரவே தீராது, என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று மனம் திரும்பத் திரும்ப ஓடுமானால் வலியும் கடுமையாகத் தெரியும், நடமாட்டமும் குறையும். இந்த ஓட்டத்தை அளக்க 1995-இல் உளவியலாளர் மைக்கேல் சல்லிவனும் உடன் பணியாற்றியவர்களும் 13 வாக்கியங்கள் கொண்ட ஒரு வினாத்தாள் தயாரித்தார்கள். மனநலப் பயிற்சியில் அந்த மதிப்பெண் இறங்குகிறது. தொட்டிலில் வந்தது எதுவும் அங்கே சுடுகாடு வரை போகவில்லை.

நம் வீடுகளில் யாரும் குறை என்று நினைக்காத இன்னொரு குணம் இருக்கிறது. எவ்வளவு முடியாவிட்டாலும் வாய் திறக்காமல் இழுத்துப்போட்டுச் செய்வது. அதற்குப் பொறுமைசாலி என்று பட்டம் கொடுக்கிறோம். வலி குறைந்த நாளில் ஒரு வார வேலையைச் செய்துவிட்டு, அடுத்த மூன்று நாள் எழுந்திருக்க முடியாமல் கிடப்பது அந்தப் பட்டத்துக்குக் கொடுக்கும் விலை. நீங்கள் அதிகம் கவலைப்படுவதைவிட இதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. நல்ல நாளிலும் பாதியில் நிறுத்துங்கள். மோசமான நாளிலும் பத்து நிமிடம் நடங்கள். ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு மெதுவாகக் கூட்டிக்கொண்டே போகும் உடற்பயிற்சியைவிட உறுதியான பலன் தரும் சிகிச்சை வேறில்லை.

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது வலியை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடாமல், எனக்கு எழுதிய அந்தக் கடைசி வரியை அப்படியே அவரிடமும் வாசித்துக் காட்டுங்கள். வலிக்கு ஒரு சிகிச்சை, மனச்சோர்வுக்கு ஒரு சிகிச்சை, இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். கணவரை வெளியே பெஞ்சில் உட்கார வைக்காமல் உங்களோடு உள்ளே அழைத்துப் போங்கள். அந்த வரியை அவரும் கேட்கட்டும்.