பீட்ரூட் வயலில் கேட்ட ரேடியோ

கேள்வி: நாசாவில் ஸ்பானிஷ் வம்சாவளியினர் பெரிய இடங்களுக்கு வந்திருக்கிறார்களா? எந்த வழியில் வந்தார்கள்?

வந்திருக்கிறார்கள், ஜான்சன் விண்வெளி மையத்தின் இயக்குநர் நாற்காலி வரைக்கும். எந்த வழியில் என்று கேட்டதால்தான் பதில் நீளப் போகிறது.

முதலில் ஒன்று. நான் நாசா ஊழியன் இல்லை. பதினோரு வருடமாக ஹூஸ்டனில், அந்த மையத்திலிருந்து காரில் பத்து நிமிட தூரத்தில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போய்ச் சாட்டர்ன் ராக்கெட்டைக் காட்டுவது என் பொறுப்பு என்றாகிவிட்டது. எனக்குத் தெரிந்ததில் பாதி அப்படி நடந்து நடந்து சேர்ந்தது. மீதி, எதிர்வீட்டு அம்மாவால் தேடிப் படித்தது. அவர் மெக்சிகோவில் மிச்சோவகான் மாநிலத்துக்காரர். நாங்கள் குடிவந்த புதிதில், இந்தியா என்றதுமே "கல்பனா சாவ்லா" என்றார். பதிலுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பேரும் இல்லை. "ஹோசே ஹெர்னாண்டஸ் தெரியாதா? அவங்க அப்பா அம்மா எங்க மாநிலம்தான்" என்றார் கொஞ்சம் ஏமாற்றத்தோடு. அன்று ராத்திரியே தேடிப் படித்துவிட்டேன்.

ஹோசே ஹெர்னாண்டஸ் 1962இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். பெற்றோர் லா பியெதாத் என்ற ஊரைச் சேர்ந்த விவசாயக் கூலிகள். ஒவ்வொரு வருடமும் குடும்பமே காரில் ஏறிக் கலிபோர்னியாவுக்கு வரும். ஸ்ட்ராபெர்ரி, வெள்ளரி, தக்காளி என்று எது எங்கே பறிப்புக்கு வருகிறதோ அதன் பின்னாலேயே தெற்கிலிருந்து வடக்கே நகரும். கிறிஸ்துமஸுக்கு மெக்சிகோ திரும்பும். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பயிரோடு சேர்ந்தே மாறும். நம்மூரில் கரும்பு வெட்டப் போகிற குடும்பத்துப் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் வீடு தேடி வந்து, "இப்படி அலைந்தால் பிள்ளைகள் படிப்பு போய்விடும், ஓரிடத்தில் இருங்கள்" என்று பெற்றோரிடம் சொன்ன பிறகுதான் ஸ்டாக்டனில் நிலையாகத் தங்கினார்கள். அந்தப் பையனுக்கு ஆங்கிலம் கைவந்ததே 12 வயதில்தான்.

பத்து வயதில், 1972 டிசம்பரில், அப்பல்லோ 17 நிலவில் இறங்கியதைக் கறுப்பு வெள்ளை டிவியில் பார்த்திருக்கிறார். படம் தெளிவாக வர யாராவது ஆண்டெனாவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த ஆள் இவர்தான்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1980. பள்ளி இறுதி வருடம், ஸ்டாக்டன் பக்கம் சர்க்கரை பீட் வயலில் (சர்க்கரை எடுப்பதற்காக வளர்க்கும் பீட்ரூட் வகை) களை கொத்திக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் டிரான்சிஸ்டர் ரேடியோ. பிராங்க்ளின் சாங் தியாஸ் என்பவரை நாசா விண்வெளி வீரராகத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்று செய்தி வருகிறது. நிலவில் நடந்த பன்னிரண்டு பேரில் ஒருவர் பேர் கூட இந்தப் பையனின் வீட்டில் வைக்கிற மாதிரியான பேர் இல்லை. இந்தப் பேர் அப்படி இருந்தது.

சாங் தியாஸ் கதை தனி. 1950இல் கோஸ்டா ரிகாவின் சான் ஹோசேயில் பிறந்தவர். பேரில் உள்ள 'சாங்' சீனத் தாத்தா வழி வந்தது. 1968இல் சட்டைப்பையில் 50 டாலரோடு அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் நகரத்தில் உறவினர் வீட்டுக்கு வந்து இறங்கினார். ஏற்கெனவே பள்ளிப் படிப்பை முடித்தவர், ஆங்கிலத்துக்காக மறுபடி ஒரு வருடம் பள்ளியில் உட்கார்ந்தார். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை கிடைத்தது. போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அலுவலகத்தில் கோஸ்டா ரிகாவை போர்ட்டோ ரிகோ என்று நினைத்துவிட்டார்கள்! போர்ட்டோ ரிகோக்காரர் என்றால் அமெரிக்கக் குடிமகன், உதவித்தொகைக்குத் தகுதி உண்டு. கோஸ்டா ரிகாக்காரர் வெளிநாட்டவர். அந்தச் சிக்கலையும் தாண்டி, ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டே 1973இல் இயந்திரவியல் முடித்தார். 1977இல் எம்ஐடியில் பிளாஸ்மா இயற்பியலில் முனைவர் பட்டம். 1986 ஜனவரியில் கொலம்பியா என்ற விண்வெளி ஓடத்தில் முதல் பயணம், மொத்தம் ஏழு பயணங்கள். அந்த எண்ணிக்கையில் அவருக்குச் சமமாக ஜெர்ரி ராஸ் என்ற வீரர் ஒருவர்தான் நெடுநாள் இருந்தார்.

ஹெர்னாண்டஸ் மின்பொறியியல் படித்தார், லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் சேர்ந்தார். மார்பகப் புற்றுநோயைக் கண்டறியும் டிஜிட்டல் மேமோகிராம் கருவியை உருவாக்கியதில் அவருக்கும் பங்கு உண்டு. அது மட்டுமே ஒரு வாழ்நாளுக்குப் போதுமான வேலை என்பேன் நான். ஆனால் நாசாவுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தார். 11 முறை இல்லை என்றார்கள். தேர்வானவர்களிடம் இருப்பதும் தன்னிடம் இல்லாததும் என்ன என்று பார்த்து விமானம் ஓட்டப் படித்தார், ஆழ்கடல் நீச்சல் கற்றார், ரஷ்ய மொழி கற்றார். 2001இல் ஜான்சன் மையத்திலேயே பொறியாளராக உள்ளே வந்துவிட்டார். 12ஆவது விண்ணப்பம் 2004இல் பலித்தது. 2009 ஆகஸ்டில் டிஸ்கவரி ஓடத்தில் பறந்தபோது உடன் சென்றவர்களில் டேனி ஒலிவாஸும் ஒருவர். ஒரே ஓடத்தில் இரண்டு ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் வம்சாவளி) அமெரிக்கர்கள் போனது அதுதான் முதல் முறை.

இடையில் நடந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் கேள்வி கேட்ட குழுவில் சாங் தியாஸ் உட்கார்ந்திருந்தார். வயலில் ரேடியோவில் கேட்ட அதே ஆள். ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டிய அனுபவம் இரண்டு பேருக்கும் பொது என்று தெரிந்ததும் தைரியம் வந்ததாக ஹெர்னாண்டஸ் பிறகு சொல்லியிருக்கிறார்.

"திறமை இருந்தால் யாரும் வரலாம், வம்சாவளி எதற்கு?" என்று இதே தளத்தில் எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். திறமை இல்லாமல் யாரும் உள்ளே போகவில்லை, அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் முயற்சி செய்து பார்க்கலாம் என்று தோன்றுவதற்கே ஒரு ரேடியோ தேவைப்பட்டிருக்கிறது. அந்த 11 மறுப்புகளையும் தாங்கியதில் அந்த ரேடியோவுக்குப் பங்கில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

இன்னொரு ரேடியோவும் உண்டு. மிகேல் சான் மார்ட்டின் அர்ஜென்டினாக்காரர். 1976இல் நாசாவின் வைக்கிங் கலம் செவ்வாயில் இறங்கியபோது படகோனியாவில் குடும்பத்துப் பண்ணையில் பிபிசி சிற்றலை வரிசையைத் திருகித் திருகிக் கேட்டவர். பிறகு அமெரிக்கா போய்ப் படித்து, 1985இல் கலிபோர்னியாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் சேர்ந்தார். 2012இல் செவ்வாயில் கியூரியாசிட்டி ஊர்தியைக் கயிற்றில் கட்டி இறக்கினார்களே, அந்தப் பயணத்தில் வழிநடத்தும் கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைமைப் பொறியாளர் இவர்.

வேலை தேடுகிற கண்ணோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று: ஜெட் உந்துவிசை ஆய்வகத்தை நடத்துவது கால்டெக் கல்வி நிறுவனம். அங்கே இருப்பவர்கள் அரசு ஊழியர்கள் அல்ல. நாசாவின் நேரடி அரசு வேலைக்குப் பொதுவாக அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், விண்வெளி வீரருக்குக் கட்டாயம் வேண்டும். போர்ட்டோ ரிகோக்காரர்களுக்கு 1917 முதலே அந்தக் குடியுரிமை உண்டு. அதனால்தான் அந்தத் தீவின் மயாகுவேஸ் பொறியியல் கல்லூரியிலிருந்து நாசாவுக்கு நேராக ஒரு பாதை விழுந்தது. அங்கே படித்த ஓர்லாண்டோ ஃபிகுவெரோவா 1978இல் நாசாவின் கோடார்ட் மையத்தில் சேர்ந்தார். செவ்வாய்க்கு அனுப்பிய இரண்டு கலங்கள் 1999இல் அடுத்தடுத்துத் தொலைந்து மானம் போயிருந்த நேரத்தில், செவ்வாய்த் திட்டத்தைப் பொறுப்பேற்றவர்களில் அவரும் ஒருவர். ஸ்பிரிட், ஆப்பர்ச்சுனிட்டி ஊர்திகள் இரண்டும் 2004 ஜனவரியில் செவ்வாயில் பத்திரமாக இறங்கின.

பாருங்கள், கோஸ்டா ரிகா, அர்ஜென்டினா, போர்ட்டோ ரிகோ, மெக்சிகோ எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டேன். 'ஹிஸ்பானிக்' என்ற சொல்லே அப்படித்தான். வடக்கே நாலு மாநிலத்தவரையும் 'மதராசி' என்பார்களே, அந்த ஜாதி. பத்து முறை விண்நடை போன மைக்கேல் லோபெஸ் அலெக்ரியா பிறந்தது ஸ்பெயினின் மாட்ரிட்டில். அவரும் சீனத் தாத்தாவின் பேரனும் கணக்கெடுப்புத் தாளில் ஒரே கட்டம். எதிர்வீட்டு அம்மாவிடம் கேட்டால், "நான் மெக்சிகன். ஹிஸ்பானிக் எல்லாம் ஃபார்ம் நிரப்பும்போது மட்டும்தான்" என்பார். ஆனாலும் செப்டம்பர் 15 ஆனால் வாசலில் கொடி கட்டிவிடுவார். அன்று தொடங்கி அக்டோபர் 15 வரை ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதம். மாதத்தின் நடுவில் ஏன் தொடங்குகிறது என்றால், கோஸ்டா ரிகா உட்பட ஐந்து மத்திய அமெரிக்க நாடுகளின் சுதந்திர தினம் அது. மறுநாள் மெக்சிகோவினுடையது.

அந்தக் கட்டத்துக்குள் மிக உயரம் போனவர் எலன் ஒச்சோவா. அவருக்கு வீட்டில் ஸ்பானிஷ் பழக்கமே இல்லை. தாத்தா பாட்டி மெக்சிகோவின் சொனோராவிலிருந்து வந்தவர்கள், அப்பாவுக்கு இரண்டு மொழியும் தெரியும். அந்தக் காலத்தில் ஸ்பானிஷ் பேசினால் மட்டமாக நடத்துவார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவில்லை. இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. என் மகன் என்னோடு தமிழில் பேசி நாளாகிறது. எனக்கு அந்த பயம் கூட இல்லை, வெறும் சோம்பல்தான்.

ஒச்சோவாவின் அம்மா ஐந்து பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, ஒரு நேரத்துக்கு ஒரு பாடம் என்று இருபது வருடத்துக்கும் மேல் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கியவர். மகள் ஸ்டான்ஃபோர்டில் ஒளியியலில் முனைவரானார், மூன்று காப்புரிமைகளில் அவர் பேர் இருக்கிறது. 1993 ஏப்ரலில் விண்வெளிக்குப் போன முதல் ஹிஸ்பானிக் பெண் ஆனார், கையில் புல்லாங்குழலோடு. நான்கு பயணங்களுக்குப் பிறகு 2013 முதல் 2018 வரை ஜான்சன் மையத்தின் இயக்குநர். அந்தப் பதவிக்கு வந்த முதல் ஹிஸ்பானிக் அவர்தான். 2023இல் விண்வெளி வீரர் அலுவலகத்தின் தலைவர் பொறுப்பு ஜோ அகாபாவுக்கு வந்தது. போர்ட்டோ ரிகோ வம்சாவளி, முன்னாள் பள்ளி ஆசிரியர்.

பறந்தவர்களைப் பற்றியே பேசினால் என் எதிர்வீட்டு அம்மா சண்டைக்கு வருவார். அவருக்குப் பிடித்தவர் பறக்காத ஒருவர். ஆர்த்துரோ காம்போஸ், மெக்சிகோ எல்லையில் டெக்சாஸின் லரேடோவில் பிறந்த மின்பொறியாளர். 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13இன் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது, தாய்க்கலத்தின் மின்சாரமே போய்விட்டது. கடைசியில் பூமிக்குள் நுழைவதற்கென்று இருந்த பேட்டரிகளிலும் ஒரு பகுதி செலவாகியிருந்தது. நிலவில் இறங்குவதற்காகக் கூடவே போன சிறு கலத்தில் மட்டும் மின்சாரம் இருந்தது. வழக்கமாகத் தாய்க்கலத்திலிருந்து சிறு கலத்துக்குப் போகும் மின்கம்பி வழியே தலைகீழாக மின்சாரத்தைக் கொண்டுவந்து பேட்டரியை ஏற்ற வேண்டும். அதற்கான செய்முறையை வகுத்தவர் காம்போஸ். நாம் மெயின் லைன் போனால் பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுப்போமே, கிட்டத்தட்ட அதுதான். ஒரு சுவிட்ச் மாறினால் மூன்று உயிர் போகும் என்பதுதான் வித்தியாசம். மெக்சிகன் அமெரிக்கர்களுக்காக அந்த மையத்துக்குள் ஒரு சங்கக் கிளை அமையவும் அவர் பாடுபட்டிருக்கிறார். 2022 நவம்பரில் நாசாவின் ஆர்ட்டெமிஸ் 1 கலம் நிலவைச் சுற்றப் போனபோது, கமாண்டர் இருக்கையில் உணரிகள் பொருத்திய ஒரு பொம்மையை உட்கார வைத்தார்கள். மக்கள் வாக்களித்து அதற்கு வைத்த பேர் கமாண்டர் மூனிகின் காம்போஸ்.

டயானா ட்ரூஹியோவையும் சொல்ல வேண்டும். கொலம்பியா நாட்டின் கலி நகரத்திலிருந்து 17 வயதில் 300 டாலரோடு மயாமிக்கு வந்தவர். ஆங்கிலம் தெரியாது, வீடு துடைக்கும் வேலைகள் செய்துகொண்டே படித்தார். விண்வெளிப் பொறியாளராகி, பெர்செவரன்ஸ் ஊர்தியின் இயந்திரக் கை குழுவுக்கு வந்தார். 2021 பிப்ரவரி 18 அன்று அது செவ்வாயில் இறங்கியதை நாசா ஸ்பானிஷிலும் நேரலையாகக் கொடுத்தது. ஒரு கிரகத்தில் இறங்குவதை அந்த மொழியில் அவர்கள் ஒளிபரப்பியது அதுதான் முதல் முறை. தொகுத்து வழங்கியவர் ட்ரூஹியோ. எதிர்வீட்டு அம்மா அன்று டிவி சத்தத்தைத் தெருவுக்கே கேட்கும்படி வைத்திருந்தார்.

இவ்வளவு பேரைச் சொன்னதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். 2020 கணக்கெடுப்பின்படி அமெரிக்கர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹிஸ்பானிக். நாசா ஊழியர்களில் அவர்கள் பங்கு அந்த அளவுக்கு இன்னும் எட்டவில்லை.

கடைசியாகச் சாப்பாடு. 1985இல் அட்லாண்டிஸ் ஓடத்தில் போன மெக்சிகோக்காரர் ரொடோல்ஃபோ நேரி வேலா, மெனுவில் டார்ட்டியா வேண்டுமென்று கேட்டு வாங்கினார். நம் சப்பாத்திக்கு ஒன்றுவிட்ட தம்பி. எடையற்ற இடத்தில் ரொட்டித் துணுக்குகள் மிதந்து கருவிக்குள்ளும் கண்ணுக்குள்ளும் போகும், டார்ட்டியாவில் அந்தத் தொல்லை இல்லை. இன்றுவரை விண்வெளி நிலையத்தில் ரொட்டிக்குப் பதில் அதுதான்.

தக்காளிக் கதையும் ஒன்று உண்டு. ஃப்ராங்க் ரூபியோ, பெற்றோர் எல் சால்வடோர்க்காரர்கள், மருத்துவர், ராணுவ ஹெலிகாப்டர் ஓட்டியவர். ஆறு மாதத்துக்கென்று 2022 செப்டம்பரில் விண்வெளி நிலையத்துக்குப் போனவர், ஏறிப்போன சோயுஸ் கலத்தில் குளிர்விப்பான் கசிந்ததால் 371 நாள் அங்கேயே இருந்துவிட்டார். ஒரே பயணத்தில் அமெரிக்கர் ஒருவர் இருந்த நாட்களில் அது சாதனை. அங்கே மண்ணில்லாமல் வளர்த்த தக்காளியில் ஒன்றைப் பறித்துக் கையில் வைத்திருந்தார், எங்கோ மிதந்து போய்விட்டது. மணிக்கணக்கில் தேடியும் கிடைக்கவில்லை. தின்றுவிட்டுப் பொய் சொல்கிறார் என்று எல்லோரும் கிண்டல் செய்தார்கள். அவர் பூமிக்குத் திரும்பிய பிறகு, 2023 டிசம்பரில், தக்காளி அகப்பட்டதாக நிலையத்திலிருந்து தகவல் வந்தது. காய்ந்து சுருங்கியிருந்தது. யாரும் தின்றிருக்கவில்லை.