என் புத்தகங்களைப் பிள்ளைகள் தொடுவதே இல்லை, என்ன செய்யலாம்?

கேள்வி: சின்ன வயதிலிருந்தே எனக்குப் புத்தகப் பைத்தியம். வீட்டில் இரண்டு அலமாரி நிறைய இருக்கின்றன. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. மகளுக்கு நன்றாகவே வாசிக்கத் தெரியும், ஆனால் பாடப் புத்தகம் தவிர எதையும் தொடமாட்டாள். அந்த வயதில் நான் ரசித்த கதைகளைத் தேடிப்பிடித்துக் கொடுத்தேன்; நாலு பக்கம் தாண்டவில்லை. ஒரு புத்தகத்தை முடித்தால் பணம் தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தாயிற்று. மனைவிக்கும் வாசிப்பில் நாட்டம் கிடையாது. இந்த ருசி என்னோடு போய்விடுமோ என்று கவலையாக இருக்கிறது.

பதில்: முதல் வேலையாக, அந்தப் பணத்தை நிறுத்துங்கள். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள நர்சரிப் பிள்ளைகளில் சிலரிடம், ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். பிறகு, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை மேஜையில் வைத்தபோது, அந்தப் பிள்ளைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு அப்படி ஆகவில்லை. காசு கொடுத்துச் செய்யச் சொன்னால் அது வேலை என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிடுகிறது. உங்கள் மகளுக்குப் பாடப் புத்தகம் என்ற வேலை ஏற்கெனவே இருக்கிறது.

அடுத்து, அவளுக்கு நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். “ஒன்பது வயசுப் பெண்ணுக்கா?” என்று கேட்பீர்கள். ஆமாம், அவளுக்குத்தான். வாசித்துப் புரிந்துகொள்வதில் இரண்டு திறமைகள் சேர்ந்திருப்பதாக 1986-இல் காஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். எழுத்தைச் சொல்லாக மாற்றுவது ஒன்று, காதால் கேட்கும் மொழியைப் புரிந்துகொள்வது இன்னொன்று. தொடக்கப் பள்ளி வயதில் இரண்டாவது திறமை முதலாவதைவிட வெகுதூரம் முன்னால் ஓடும். அதனால் ஒரு சங்கடம். அவள் சிரமமில்லாமல் தானே வாசிக்கக்கூடிய கதை அவளுக்குக் குழந்தைத்தனமாகத் தெரியும். அவள் மனசுக்குப் பிடிக்கக்கூடிய கதையோ, வாசிக்கக் கனமாக இருக்கும். வாசிக்கத் தெரிந்த பல பிள்ளைகள் இந்த இடைவெளியில்தான் நின்றுபோகிறார்கள். ‘இனிமேல் தானாகவே வாசித்துக்கொள்வாள்’ என்று நாம் வாசித்துக் காட்டுவதை விட்டுவிடும் காலமும் சரியாக அதுவாகவே அமைந்துவிடுகிறது.

தினம் பதினைந்து நிமிடம் போதும். நாம் பேசும் நடை வேறு, புத்தக நடை வேறு. காதில் விழுந்து பழகிய நடை கண்ணுக்கும் சீக்கிரம் பழகும். நடுவில் நிறுத்திப் பொருள் கேட்காதீர்கள், நீதி சொல்லாதீர்கள். கடினமான சொல் வந்தால் குரல் மாறாமல் பக்கத்திலேயே எளிய சொல் ஒன்றைச் சேர்த்து வாசித்துவிட்டுப் போங்கள். நிறுத்தும் இடத்தை மட்டும் யோசித்து நிறுத்துங்கள்: கதவு தட்டப்படுகிறது, யார் என்று தெரியவில்லை, அங்கே மூடிவிடுங்கள். மூடிய புத்தகத்தை அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் அவளாக நாலு பக்கம் முன்னால் போயிருந்தால், தெரியாதது போல இருந்துவிடுவது உத்தமம்.

மகனுக்கு வேறு முறை. நான்கு வயதில் புத்தகம் என்பது பேச ஒரு சாக்கு. இடி இடிக்கும் பக்கத்தில் கட்டிலுக்கு அடியில் ஒரு நாய்க்குட்டி என்று வைத்துக்கொள்வோம். “இது என்ன?” என்று கேட்டால் “நாய்” என்பான், பேச்சு முடிந்தது. “இவன் ஏன் அங்க போய் ஒளிஞ்சிருக்கான்?” என்று கேளுங்கள். “இடி” என்பான். “ஆமா, இடிச் சத்தத்துக்குப் பயந்துபோய் ஒளிஞ்சிருக்கான். நீயா இருந்தா எங்க ஒளிவே?” அவன் சொன்ன ஒரு சொல் முழு வாக்கியமாகி அவனிடமே திரும்பி வருகிறது. குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரின் குழுவினர் இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்த முறையைச் சொல்லிக்கொடுத்து, 1988-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சு, வழக்கம்போலப் படித்துக் காட்டப்பட்ட பிள்ளைகளைத் தாண்டிவிட்டது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கேட்டால் அதுவும் பரீட்சையாகிவிடும். ஒரு புத்தகத்துக்கு மூன்று நான்கு கேள்விகள் தாராளம். அதே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறானா? வாசியுங்கள். புதுச் சொற்கள் நிலைப்பது அந்தத் திரும்பக் கேட்பதில்தான். நமக்குத்தான் அலுக்கும்.

நீங்கள் ரசித்த புத்தகங்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவற்றில் சில உண்மையிலேயே நல்ல புத்தகங்கள். வேறு சில, நமக்கு அப்போது பத்து வயது என்பதால் நன்றாக இருந்தவை. எது எந்த வகை என்று உங்களால் சொல்ல முடியாது, அவளால் முடியும். நாலு பக்கத்தில் மூடி வைத்தால் மூடட்டும். பிடிக்காததைப் பாதியில் விடும் உரிமை நமக்கு இருக்கிறதே! நூலகத்துக்குக் கூட்டிப்போய் அவளையே எடுக்கவிடுங்கள். காமிக்ஸ், பேய்க் கதை, டைனோசர் படங்கள், எதை எடுத்தாலும் முகம் சுளிக்கக் கூடாது. சித்திரக்கதையும் வாசிப்புதான்.

இதற்கிடையில் ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிடுவதும் நல்லது. அடிக்கடி வரி தாண்டிப் போகிறாளா, எழுத்துகளிலேயே தடுமாறுகிறாளா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அது ஆர்வக்குறைவு இல்லை. கண் பரிசோதனையும், தேவைப்பட்டால் டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் சிரமங்கள் தெரிந்த நிபுணரும் முதலில், மற்றதெல்லாம் அப்புறம்.

மனைவியை வாசிக்கவைக்கும் முயற்சி வேண்டாம். உங்களைச் சிரிக்கவைத்த நாலு வரியை எப்போதாவது அவரிடம் வாசித்துக் காட்டுங்கள், போதும். மகனோடு படம் பார்த்துப் பேச அவருக்கு வாசிப்புப் பழக்கம் தேவையே இல்லை. நீங்கள் வாசிப்பதும் பிள்ளைகள் கண்ணில் படவேண்டும். போனில் நாவல் வாசிக்கிறீர்களா, செய்தி பார்க்கிறீர்களா என்று அவர்களுக்குத் தெரியாது. வீட்டில் இருக்கும்போது காகிதப் புத்தகமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்த அலமாரிகள். கீழ்த்தட்டு ஒன்றைக் காலிசெய்து, ஐந்தாறு புத்தகங்களை மட்டும் முன்னட்டை தெரியும்படி வையுங்கள். முதுகு மட்டும் தெரியும்படி அடுக்கிய வரிசை பிள்ளைகளுக்குச் சுவர் மாதிரிதான். உங்களுடையவை இரண்டு, மற்றவை அவர்கள் தேர்ந்தவை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். எதை எடுத்தாய், எத்தனை பக்கம் ஆச்சு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.